சாமி மேல் பட்ட பால்

தமிழ் மட்டும் தெரிந்த நோயாளிகளுக்குத் துணையாக நான் மும்பையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகத் தொடங்கியபோது எனக்கு ஒரே ஒரு விதியைத்தான் சொன்னார்கள். டாக்டர் இந்தியில் சொல்வதை அப்படியே தமிழில் சொல்ல வேண்டும். அவர்கள் தமிழில் சொல்வதை அப்படியே இந்தியில் சொல்ல வேண்டும். எதையும் சேர்க்கக் கூடாது, எதையும் விடக் கூடாது. அந்த விதி எனக்குப் பிடித்திருந்தது. விக்ரோலியில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். என்ன நடக்க வேண்டும் என்று ஒரு கட்டத்தில் எழுதுவோம், என்ன நடந்தது என்று அடுத்த கட்டத்தில் எழுதுவோம். என் அபிப்பிராயத்துக்கு அங்கேயும் கட்டம் கிடையாது.

சனிக்கிழமைகளில் போனேன். அம்மா இல்லாத வீட்டில் சனிக்கிழமை மிக நீளமாக இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை. அம்மா கொரோனாவின் இரண்டாவது அலையில் போனாள். ஆக்ஸிஜன் கிடைக்கும் என்று யார் யாரோ அனுப்பிய எண்களைப் பட்டியலாக எழுதிவைத்து, ஒவ்வொன்றாக அழைத்து, இல்லை என்றவற்றை அடித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து அறையில் அப்பா அம்மன் படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். இரண்டுமே உதவவில்லை. இரண்டில் ஒன்றையாவது விட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. பட்டியல் போடுவதை விட முடியவில்லை, கோயிலை விட்டேன்.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை, தொண்டைப் புற்றுநோய் வார்டில் ஒரு அம்மாள் இருப்பதாகவும் அவரிடம் யார் என்ன பேசினாலும் கையெடுத்துக் கும்பிடுகிறார் என்றும் சிஸ்டர் சொன்னார். சிஸ்டர் மராட்டிக்காரர், அந்த வார்டில் பல வருடம் இருந்தவர், சிரிக்காமல் கேலி பேசுவார்.

"ஊசி போடப் போனாலும் கும்பிடுறா, பெட்ஷீட் மாத்தச் சொன்னாலும் கும்பிடுறா. எனக்கே நான் தேவின்னு தோண ஆரம்பிச்சிடுச்சு. போய்ப் பாரு."

போனேன். திசையன்விளைப் பக்கத்துக்காரர். வயது நாற்பத்தைந்துக்குள் இருக்கும். கட்டிலில் அவர் கணவர். கழுத்தில் மூச்சு விடுவதற்காக ஒரு துளையிட்டு உலோகக் குழாய் வைத்திருந்தார்கள். மூக்கு வழியாக உணவுக் குழாய். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் தமிழில் பேசியதும் அந்த அம்மாள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எம்மா, நீ நம்ம பிள்ளையா? நல்லாருப்ப. இவிய இந்த பம்பாய்ல பதினெட்டு வருசம் தோல் கம்பெனில வேல பாத்தாவ. இந்தி தண்ணியா பேசுவாவ. இப்ப பேசத் தெரிஞ்ச வாய்ல சத்தம் இல்ல, சத்தம் இருக்க வாய்க்கு பேசத் தெரியல. எனக்கு இது வெளிநாடுதாம்மா. பாஸ்போட்டுதான் கேக்கல."

அவரை நான் அக்கா என்று அழைத்தேன், அவர் கணவரை அண்ணாச்சி என்று. அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு ஒழுங்கு ஏற்பட்டது. அண்ணாச்சி உதட்டை அசைப்பார். அக்கா அதைப் படித்துத் தமிழில் சொல்வார். நான் அதை இந்தியில் டாக்டரிடம் சொல்வேன். பதில் இதே வழியில் திரும்பி வரும். ஒருமுறை அண்ணாச்சி வெகுநேரம் எதையோ ஆவேசமாகச் சொன்னார். அக்கா என்னிடம் "வலிக்காம்" என்றார்.

"இவ்வளவு நேரம் பேசினாரே, அவ்வளவுதானா?"

"மத்ததெல்லாம் கெட்ட வார்த்த. அதையும் சொல்லணுமா?"

விதிப்படி சொல்ல வேண்டும் என்றேன். அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் கழுத்துக் குழாயில் சளி கட்டிக்கொள்ளும். அக்கா என்னை முறைத்துக்கொண்டே அதைத் துடைத்துவிட்டார்.

தாராவியில் அவர்கள் ஊர்க்காரர் ஒருவர் வீட்டு மாடியில் படுக்க இடம் கொடுத்திருந்தார்கள். நான் பிறந்து, மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்து, பன்னிரண்டு வயதுவரை வளர்ந்த தெருவுக்கு அடுத்த தெரு அது. அங்கே ஒரு அம்மன் கோயில் உண்டு. அக்கா தினமும் விடியுமுன் அங்கே போய்விட்டு, நெற்றி நிறையத் திருநீறோடு வார்டுக்கு வருவார். வந்ததும் முதல் வேலை அண்ணாச்சியின் நெற்றியில் மூன்று விரலால் அழுத்திப் பூசுவது. பிறகுதான் குழாய் வழியாகக் கஞ்சி. அந்தக் குழாயில் ஊசிக்குழலை மாட்டி, சொட்டுச் சொட்டாகக் கஞ்சியை இறக்கச் சிஸ்டர் அவருக்கு ஒரே நாளில் பழக்கிவிட்டிருந்தார். "இந்த வார்டில் இவள் கைதான் சுத்தம்" என்பது சிஸ்டரின் கணிப்பு. அதை நான் மொழிபெயர்த்தேன். அக்கா கும்பிட்டார்.

குரல்வளையை முழுவதுமாக எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. குரல் திரும்பாது, உயிர் நிற்கலாம். ஆபரேஷன் தேதி கிடைத்த அன்று அண்ணாச்சி அக்காவிடம் எதையோ சொன்னார். இந்த முறை நானே உதட்டைப் படித்துவிட்டேன். "இனி நீ ஏசினா திருப்பி ஏச முடியாது" என்றார். "இதுவரைக்கும் ரொம்ப ஏசிட்டீய" என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணைத் துடைப்பதற்காகத்தான் திருப்பினார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை, சிஸ்டர் சொல்லச் சொல்ல நான் அக்காவிடம் எடுத்துச் சொன்னேன். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் கொடுக்கக் கூடாது. கஞ்சி கூடாது, பால் கூடாது, டீ கூடாது, தண்ணீரும் கூடாது. குழாய் வழியாகவும் கூடாது. அக்கா ஒவ்வொன்றையும் விரல் மடக்கித் திருப்பிச் சொன்னார். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு விஷயத்தை இதைவிடச் சரியாகக் கடத்த முடியாது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். ஆபரேஷன் தியேட்டரின் வெளிக்கதவுக்கு முன்னால் ஸ்ட்ரெச்சரில் அண்ணாச்சி. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் என் வயதுப் பெண். காகிதத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டார். பல் ஆடுகிறதா? மருந்து எதுவும் ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா? ராத்திரிக்குப் பிறகு ஏதாவது கொடுத்தீர்களா?

"ஒண்ணுங் குடுக்கல" என்றார் அக்கா. நான் இந்தியில் சொன்னேன்.

டாக்டர் எழுதப் போனவர் நிறுத்திவிட்டு, அண்ணாச்சியின் மூக்குக் குழாயைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். குழாயின் உள்பக்கத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தது.

"இது என்ன?"

நான் கேட்டேன். அக்கா மலர்ந்த முகத்தோடு சொன்னார். "அதுவா, காலைல அம்மனுக்கு அபிசேகம் நடந்துச்சுல்லா, அந்தப் பாலு. திருநீறு கலந்து ஒரு அரை டம்ளர் உள்ள விட்டேன். இனி அவியளுக்கு ஒண்ணும் ஆவாது."

"அக்கா, பால் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"அது பால் இல்லம்மா." என் அறியாமைக்காக இரங்குபவரைப் போலச் சொன்னார். "சாமி மேல பட்டுட்டுல்லா? பட்ட பொறவு அது பால் இல்ல."

விதியின்படி அதை அப்படியே இந்தியில் சொன்னேன். சாமி மேல் பட்டுவிட்டதால் அது பால் இல்லையாம். அந்தப் பெண் டாக்டர் கோபப்படவில்லை. வயிற்றில் பால் இருக்கும்போது மயக்கம் கொடுத்தால் அது மேலே வந்து நுரையீரலுக்குள் போகும் என்றும், இன்று முடியாது என்றும், மேஜையை அடுத்த நோயாளிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு அண்ணாச்சியின் தோளை ஒருமுறை தொட்டுவிட்டு உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது.

கோபப்பட்டவர் சிஸ்டர்தான். வார்டுக்குத் திரும்பியதும் பொரிந்து தள்ளினார். "பகவானுக்குப் பசிச்சா பகவானுக்குக் குடு! அவர் பேரைச் சொல்லி இவனை ஏன் கொல்லப் பார்க்கிற? இந்தத் தேதிக்காக நான் யார் யார் காலைப் பிடிச்சேன் தெரியுமா?" சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

"அந்தம்மா என்ன சொல்லுதாவ?" என்று அக்கா கேட்டார்.

"வருத்தப்படறாங்க" என்றேன்.

அடுத்த தேதி கணபதி விழா முடிந்த பிறகுதான் கிடைத்தது. இடைப்பட்ட நாட்களில் அண்ணாச்சிக்குக் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி என்றார்கள். தெருவில் மேளம் அடித்துக்கொண்டு ஊர்வலம் போகும்போதெல்லாம் கட்டில்கள் அதிர்ந்தன. அக்கா ஜன்னலைச் சாத்திவிட்டு அண்ணாச்சியின் காதுகளைக் கையால் பொத்திக்கொள்வார். திரும்பவும் ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு பெரிய டாக்டர் எங்களை உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னால் என்ன அர்த்தம் என்பது அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது.

நுரையீரலில் பரவியிருக்கிறது. ஆபரேஷனால் இனிப் பயனில்லை. வலியில்லாமல் வைத்துக்கொள்ளலாம். நான் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னேன். அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அன்னைக்குப் பாலு குடுக்காம இருந்திருந்தா?"

டாக்டர் தாமதிக்காமல் பதில் சொன்னார். பழைய ஸ்கேனைத் திரும்ப எடுத்துப் பார்த்ததில் அதிலேயே சிறு புள்ளிகளாக இருந்திருக்கின்றன. அப்போது அவை என்னவென்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அன்றைக்கே ஆபரேஷன் செய்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். அந்தப் பாலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒரு சொல் கூடாமல், ஒரு சொல் குறையாமல் சொன்னேன்.

அக்கா என் முகத்தையே பார்த்தார். "இத டாக்டரு சொன்னாவளா, நீ சேத்தியா?"

"அவங்கதான் சொன்னாங்க அக்கா."

"அன்னைக்கு அந்த நர்சம்மா ஏசினத, வருத்தப்படுதாவன்னுதான சொன்ன? எனக்கு இந்தி தெரியாது. ஏச்சு தெரியும்மா."

அந்த ஒரு வார்த்தையைக் கருணை என்று நினைத்துத்தான் மாற்றியிருந்தேன். அது இப்போது உண்மையான ஒரே ஆறுதலையும் அவரிடம் போய்ச் சேரவிடாமல் வழியில் நின்றது.

அன்றிலிருந்து அக்கா கோயிலுக்குப் போகவில்லை. வெறும் நெற்றியோடு வந்தார். அண்ணாச்சியின் நெற்றியில் மீதமிருந்த திருநீற்றை ஈரத்துணியால் துடைத்துவிட்டார். கஞ்சி கொடுப்பது, சளி உறிஞ்சுவது, முதுகைத் திருப்பிவிடுவது எல்லாவற்றையும் முன்பைவிடக் கவனமாகச் செய்தார். ஆனால் அண்ணாச்சி நெற்றியைத் தொட்டுக் காட்டினால் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விடுவார்.

"என் கை ஆவாது. நான் கும்பிட்டதுதான் அவியளுக்கு எமனா வந்துட்டு" என்று ஜன்னலிடம் சொல்வார்.

ஒரு சனிக்கிழமை அண்ணாச்சி தலையணைக்கடியிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். பிறகு நெற்றியைக் காட்டினார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா திரும்பவில்லை. அம்மா போன பிறகு நான் அந்தப் பொடியைத் தொட்டதில்லை. அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, இது என் நம்பிக்கை சம்பந்தப்பட்டதா, இல்லை, ஒரு நோயாளி கேட்ட உதவியா என்று யோசித்தேன். உதவி என்று வைத்துக்கொண்டு பூசினேன். பழக்கம் விட்டுப்போன விரலிலிருந்து பாதி மூக்கில் விழுந்தது. அண்ணாச்சி கண்ணை மூடி, உதட்டைக் குவித்துக் காத்திருந்தார். ஏதாவது சொல்லிப் பூசுவார்கள் போலிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

"அக்கா, என்ன சொல்லணும்?"

அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க கும்பிட வேண்டாம். எனக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போச்சு. ஆனா கேட்டதை அப்படியே போய்ச் சொல்லுவேன். நீங்க சொன்னதா அம்மன்கிட்ட என்ன சொல்லட்டும்?"

ஜன்னல் பக்கமிருந்து பதில் வந்தது. "என் பேரச் சொல்லாத. அவியளுக்குச் சுவமாவணும்னு சொல்லு."

அப்படித்தான் நான் மறுபடி கோயிலுக்குப் போகத் தொடங்கினேன். செம்பூரில் எங்கள் வீட்டருகே பஸ் ஏறி, சயானில் இறங்கி, தாராவிக்குள் நடந்து அம்மன் முன் நின்று, சொல்ல வேண்டியதைச் சொல்வேன். திருநீறு வாங்கிக்கொண்டு வார்டுக்குப் போய்ப் பூசிவிட்டு, ரயில் பிடித்து விக்ரோலிக்குப் போவேன். சனிக்கிழமை மட்டும் என்றிருந்தது, வாரத்தில் பல நாளாயிற்று. என் சொந்தச் சொற்களோடு போயிருந்தால் என்னால் நின்றிருக்க முடியாது. நின்றால் அம்மாவைப் பற்றிக் கேட்டிருப்பேன். கேட்டால் பதில் வேண்டியிருக்கும். இன்னொருவருடைய சொற்களை எடுத்துக்கொண்டு போனபோது நிற்க முடிந்தது. இரண்டு பக்கமும் பேச முடியாதவர்களுக்கு நடுவில் நிற்பது எனக்குப் பழகிய வேலைதான்.

அப்பா முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டார். ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் தட்டிப் பார்த்துத்தான் பேசுவார்.

"ஏட்டி, நெத்தில என்ன?"

"ஆஸ்பத்திரி வேலையா கோயிலுக்குப் போனேன்."

"அங்கேயும் டெஸ்டிங்கா? சாமி பாஸா, ஃபெயிலா?"

"இன்னும் ரிப்போர்ட் எழுதல."

அவர் சிரித்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் அடுக்களைக்குப் போய் என் டப்பாவில் இன்னும் இரண்டு இட்லியை வைத்தார். "அந்தப் பிள்ளைக்கும் குடு" என்றார். அக்காவைத்தான் சொன்னார்.

அக்காவின் வேண்டுதல்கள் வாராவாரம் சிறுத்துக்கொண்டே வந்தன. முதலில் குணமாக வேண்டும் என்றார். பிறகு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகும் அளவுக்குத் தெம்பு வேண்டும் என்றார். அதன் பிறகு காய்ச்சல் விட வேண்டும் என்று. அதன் பிறகு மூச்சு முட்டாமல் இருக்க வேண்டும் என்று. ஒரு நாள், "இன்னைக்கு ஒரு மணி நேரம் தூங்கணும்னு சொல்லு, போதும்" என்றார். நான் அம்மன் முன் நின்று, ஒரு மணி நேரம் தூங்க வேண்டும் என்று சொன்னேன். அவ்வளவு சிறிய ஒன்றை அவ்வளவு முழு மனதோடு நான் யாரிடமும் கேட்டதில்லை. அலுவலகத்தில் என்றால் என்ன நடக்க வேண்டும் என்ற கட்டத்தை இப்படிக் குறைத்துக்கொண்டே போக விடமாட்டார்கள். அன்று அண்ணாச்சி தூங்கினாரா என்று நான் அக்காவிடம் கேட்கவில்லை.

ஒன்றை மட்டும் விதியை மீறி நானாகச் சேர்த்துக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் அக்கா சொல்லி அனுப்பியதைச் சொல்லி முடித்த பிறகு, "அக்கா கையாலேயே அவருக்குத் திருநீறு பூச வேண்டும்" என்றேன். அது யார் சொல்லி அனுப்பியதும் இல்லை.

நவராத்திரி நெருங்கும்போது, முடிந்துவிட்டது என்று நினைத்த மழை திரும்பி வந்தது. அன்று அலுவலகத்தில் காலையிலேயே ஒரு வேலை இருந்ததால், மதியத்துக்கு மேல் கோயிலுக்கும் வார்டுக்கும் போகலாம் என்று விக்ரோலியில் ரயில் ஏறினேன். குர்லாவைத் தாண்டியதும் ரயில் நின்றுவிட்டது. தண்டவாளத்தில் தண்ணீர். பெண்கள் பெட்டியில் ஒருத்தி பட்டாணி உரிக்க ஆரம்பித்தாள், ஒருத்தி வீட்டுக்குப் போன் செய்து குக்கரை எத்தனை விசிலில் இறக்க வேண்டும் என்று யாருக்கோ பாடம் நடத்தினாள். என் போனில் சிஸ்டரின் குரல். "எங்கே இருக்க? மூச்சு ரொம்ப மோசம். அவன் நெத்தியைத் தொட்டுத் தொட்டுக் காட்டுறான். எனக்குப் பூசத் தெரியலை, அவள் அசையாம நிற்கிறா." நான் போனை அக்காவிடம் கொடுக்கச் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. திரும்ப அழைத்தால் யாரும் எடுக்கவில்லை. அன்று சொல்லி அனுப்பிய வேண்டுதல் என்னிடம் இல்லை, கையில் திருநீறும் இல்லை. நின்ற ரயிலில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, அம்மா போனதற்குப் பிறகு முதல்முறையாக யார் சொற்களும் இல்லாமல் வேண்டினேன். என்னவென்று வேண்டினேன் என்று எழுதத் தெரியவில்லை. அதில் அண்ணாச்சியும் இருந்தார், அம்மாவும் இருந்தாள்.

ரயிலிலிருந்து இறக்கிவிட்டார்கள். தண்டவாளத்தை ஒட்டி நடந்து, சாலையில் ஏறி, முழங்கால் தண்ணீரில் நடந்து நான் வார்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது விளக்குப் போட்டிருந்தார்கள். அண்ணாச்சிக்கு மூச்சு இருந்தது, மெதுவாக, நீண்ட இடைவெளி விட்டு. நெற்றியில் திருநீறு. என் பயந்த கோடுகள் இல்லை. மூன்று விரலால் அழுத்தி, காதோரம் வரை இழுத்துப் பூசியது.

அக்கா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "நனைஞ்சிட்டியே. நீ வரல. அவிய கேட்டுக்கிட்டே இருந்தாவ."

"என்ன சொல்லிப் பூசுனீங்க?"

"ஏசிட்டுத்தான் பூசுனேன்" என்றார். "வாயில வந்ததெல்லாம் ஏசினேன் அந்த அம்மன. அம்புட்டையும் கேட்டுக்கிட்டா. பொறவு பூசினேன்."

சிஸ்டர் என்னிடம் ஒரு துண்டைக் கொடுத்துவிட்டு, அவள் என்ன சொன்னாள் என்று கேட்டார். அப்படியே சொன்னேன். சிஸ்டர் அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். மறுநாள் காலையில், அக்கா குழாயைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, அடுத்த மூச்சு வரவில்லை.

தாராவி ஊர்க்காரர்கள் வந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்கள். இங்கேயே எரித்தார்கள். ஊருக்குப் போகும் ரயிலில் அக்காவை ஏற்றிவிட நானும் அப்பாவும் போனோம். அக்காவின் மடியில், மஞ்சள் துணியால் வாய் கட்டிய சிறு மண்பானை. அப்பா தண்ணீர் வாங்கப் போனதும் அக்கா ஜன்னல் கம்பி வழியாக என் கையைப் பிடித்தார்.

"ஒண்ணு கேக்கேன். அன்னைக்கே ஆப்ரேசன் செஞ்சிருந்தாலும் இதான் நடந்திருக்கும்னு டாக்டர் சொன்னது. அது நீ சேத்தது இல்லல்லா?"

"இல்ல அக்கா. அவங்க சொன்னதுதான். ஒரு வார்த்தை நான் சேர்க்கல."

"சாமி சத்தியமா?"

அம்மா போன பிறகு அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. சொல்லும்படி யாரும் கேட்டதும் இல்லை. அவர் என் கையை விடவில்லை.

"சாமி சத்தியமா" என்றேன்.

அக்கா என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். அண்ணாச்சியின் உதட்டைப் படிக்கும்போது அப்படித்தான் பார்ப்பார். பிறகு "சரி" என்றார். கையை விட்டார். ரயில் நகர்ந்தபோது அழுதார். அதுவரை அவர் வாய்விட்டு அழுது நான் பார்க்கவில்லை.

இப்போதும் சனிக்கிழமைகளில் போகிறேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் சொல்ல வேண்டியவற்றில், தண்ணீருக்குப் பிறகு இன்னும் சிலவற்றையும் சொல்கிறேன். தீர்த்தம், திருநீறு, பிரசாதம், சாமி மேல் பட்ட எதுவும். கேட்பவர்களின் முகம் மாறும். காத்திருந்து, இன்னொரு முறை சொல்வேன். யார் ஏசினாலும் ஏசியது என்றே சொல்கிறேன். வார்டுக்குப் போகுமுன் கோயிலில் நிற்கிறேன். யாராவது சொல்லி அனுப்பியிருந்தால் அதைச் சொல்கிறேன், இல்லாவிட்டால் சும்மா நிற்கிறேன். அம்மாவைப் பற்றி இன்னும் கேட்கவில்லை.

போன மாதம் அம்பர்நாத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். ஆலைத் தொழிலாளி, என் வயதுதான் இருக்கும், நாக்கில் கட்டி. அவரை ஸ்ட்ரெச்சரில் ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனதும் அவருடைய அம்மா துணிப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். உள்ளே பால். நான் பார்ப்பதைக் கண்டதும் பதறிவிட்டார்.

"நீங்க சொன்னீங்கன்னு குடுக்கலம்மா. காலைல அபிசேகத்துல வாங்கினது. இத என்ன செய்ய? கொட்டவும் கூடாது, கீழ வைக்கவும் கூடாது."

"எங்கிட்ட குடுங்கம்மா" என்றேன். "அவர் வெளில வர்ற வரைக்கும் நான் வச்சிருக்கேன்."

கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த அம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். ஒரு கை மரத்தபோது மறு கைக்கு மாற்றினேன். விளக்கு அணையும்வரை அதை நான் கீழே வைக்கவில்லை.